ஒரே நாளில் தொட்டபெட்டா: மலை ரயிலில் ஏறுவதா, இறங்குவதா?

கையில் இருப்பது ஒரே நாள். ஊட்டி மலை ரயிலிலும் போக வேண்டும், தொட்டபெட்டா உச்சியிலும் நிற்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களும், நீலகிரி எக்ஸ்பிரஸில் விடிகாலை மேட்டுப்பாளையம் வந்து இரவு அதே ரயிலில் சென்னை திரும்புபவர்களும் மாட்டிக்கொள்வது இந்தக் கணக்கில்தான். பெரும்பாலோர் முதலில் தேடுவது, போகவும் வரவும் ரயில் டிக்கெட். கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையில் அந்த டிக்கெட் கையில் வந்த நிமிடமே தொட்டபெட்டா கைநழுவிவிட்டது. ஒரே நாளில் இரண்டும் வேண்டுமென்றால், ஏற்றம் இறக்கம் இரண்டில் ஒன்றைப் பஸ்ஸுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து முடிவு செய்வது

உச்சிக்குப் போகும் பொழுது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். தமிழ்நாட்டிலேயே உயர்ந்த சிகரம். காலையில் வானம் தெளிந்திருந்தால் ஒரு பக்கம் கேத்தி பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் கோவைச் சமவெளி, வடக்கே மைசூர்ப் பீடபூமி எனக் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கின் ஈரம் மேகமாகத் திரண்டு மேலே வரும். மதியத்துக்கு மேல் போனால் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு இறங்கும் வாய்ப்பு அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தத் தொல்லை குறைவு. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் காலை, மாலை என்ற பேச்சே இல்லை. நாள் முழுக்க மூடிக்கிடக்கலாம்.

பல் தண்டவாளம். இந்த ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னத் தகுதி கிடைத்ததற்கு முதுகெலும்பு, மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள பகுதி. 12.5 அடி போனால் ஓரடி உயரும் சரிவு அது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறும், இறங்கும். நீராவி எஞ்சின் இருப்பதும் இங்கேதான். குன்னூருக்கு மேலே ஊட்டி வரை டீசல் எஞ்சின், சாதாரணத் தண்டவாளம். "மலை ரயிலில் போனோம்" என்பவர்களில் நிறையப் பேர் இந்த மேல்பாதியை மட்டும் பார்த்தவர்கள்.

டிக்கெட், உடம்பு, மழை. நீராவி ரயில் நாளுக்கு ஏற ஒன்று, இறங்க ஒன்று; பெட்டிகளோ சில. பெட்டிகளில் கழிவறை கிடையாது; எதிரெதிர் இருக்கையில் முழங்கால் இடிக்கும்; பெரிய சூட்கேஸ் வைக்க இடமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண்சரிந்து ரயில் ரத்தாவது ஆண்டுதோறும் நடப்பது. சில சமயம் ஒரு நாள், சில சமயம் வாரக்கணக்கில்.

## நான்கு வழிகளும் ஒரே பார்வையில்

| வழி | ரயிலில் கழியும் நேரம் | ஊட்டியில் கிடைக்கும் நேரம் | உச்சிக்குப் போகும் பொழுது | பல் தண்டவாளப் பகுதி | டிக்கெட் |
|---|---|---|---|---|---|
| போகவும் வரவும் ரயில் | 8 மணி 20 நிமிடம் | 2 மணி | நடைமுறையில் முடியாது | இரண்டு முறை | மிகக் கடினம் |
| ஏற ரயில், இறங்க பஸ் | 4 மணி 45 நிமிடம் | 3½ முதல் 4 மணி | மதியம் 1 மணிக்கு மேல் | ஏறும்போது | கடினம் |
| ஏற பஸ், இறங்க ரயில் | 3 மணி 35 நிமிடம் | 5 மணி நேரத்துக்கு மேல் | காலை 9 முதல் 10 | இறங்கும்போது | ஓரளவு எளிது |
| குன்னூர்–ஊட்டி மட்டும் | 1 மணி 15 நிமிடம் | விருப்பம்போல | விருப்பம்போல | இல்லை | எளிது |

## 1. போகவும் வரவும் ரயில்

மேட்டுப்பாளையத்தில் காலை 7:10-க்குக் கிளம்பும் ரயில் குன்னூருக்கு 10:30 வாக்கில், ஊட்டிக்கு 12 மணியை ஒட்டி வந்து சேரும். திரும்பும் ரயில் மதியம் 2 மணிக்கு. நடுவில் இரண்டு மணி நேரம்.

இதில் தொட்டபெட்டாவை நுழைத்துப் பாருங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து டாக்சி பேசப் பத்து நிமிடம். சுமார் பத்து கிலோமீட்டர் மலைப்பாதை; கூட்டமில்லாத நாளில் அரைமணி நேரம். மேலே அரைமணி நேரம். இறங்க அரைமணி. எல்லாம் சரியாக நடந்தால் 1:40-க்கு ஸ்டேஷன் வாசலில் இருப்பீர்கள், சாப்பிடாமல். ஆனால் ஏறும் ரயில் இருபது, முப்பது நிமிடம் தாமதமாவது சாதாரணம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கொஞ்சம் கூட நின்றாலும், கல்லாறு பக்கம் யானை குறுக்கே வந்தாலும் கணக்கு கலைந்துவிடும். மே மாதத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தொட்டபெட்டா சாலையில் வரிசை கட்டி நிற்கும் கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2 மணி ரயிலை விட்டால் அந்த டிக்கெட்டுக்குப் பணமும் திரும்பாது.

ரயிலுக்காகவே வருபவர்களுக்கு, அதாவது உச்சி முக்கியமில்லை, எஞ்சின்தான் முக்கியம் என்பவர்களுக்கு இது நல்ல வழி. அந்த இரண்டு மணி நேரத்தை நிதானமான சாப்பாட்டுக்கும் ஸ்டேஷனைச் சுற்றிப் பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளோடும் முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடும் வருபவர்கள் எட்டு மணி நேர ரயில் பயணத்தை எடுக்க வேண்டாம். மூன்றாவது மணி நேரத்திலேயே குழந்தைகளுக்குச் சலித்துவிடும்.

## 2. ஏறும்போது ரயில், இறங்கும்போது பஸ்

எஞ்சின் உழைப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஏறும் ரயில்தான். எஞ்சின் வண்டியின் பின்னால் நின்று தள்ளும். எக்ஸ் வகை எஞ்சினின் இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டிரண்டு சிலிண்டர்கள். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களை ஓட்ட, இன்னொரு ஜோடி பல்சக்கரத்தை ஓட்டும். கல்லாறு வரை முதல் ஜோடிக்கு மட்டும் வேலை. கல்லாறில் பல் தண்டவாளத்தில் ஏறியதும், முதல் ஜோடியில் வேலை செய்து வெளியேறும் நீராவி அடுத்த ஜோடிக்குப் போகிறது, சத்தமே மாறிவிடும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம்தான். சுரங்கத்துக்குள் நுழையும்போது அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கும்.

எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்பெட்டியின் பார்வையை எதுவும் மறைக்காது. வழக்கமாக முதல் வகுப்பு அந்த முனையில்தான் இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்கலாம். டீயை வாங்கிக்கொண்டு நேராக எஞ்சின் பக்கம் போய்விடுங்கள். படம் எடுக்கிற கூட்டம் வருவதற்குள் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம். இரண்டு பட்டைகளின் பற்களும் நேருக்கு நேர் இருக்காது, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தள்ளி அமைந்திருக்கும். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் கவ்விப் பிடித்திருப்பதற்காகத்தான் அப்படி.

குறை உச்சியில்தான் தெரியும். பன்னிரண்டு மணிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மேலே போய்ச் சேர ஒன்றரை ஆகிவிடும். மேகம் முந்திக்கொள்ளும். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ஸ்டேஷனிலிருந்து நேராக மேலே போவதுதான் இந்த வழியில் புத்திசாலித்தனம்.

இறங்குவதிலும் ஒரு மறைமுகச் செலவு உண்டு: நேரம். விடுமுறை நாள் மாலையில் குன்னூர்–பர்லியாறு பாதையில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். மூன்று மணி நேரத்தில் கோவை போக வேண்டிய பஸ் ஐந்து மணி நேரம் எடுக்கலாம். இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியவர்கள் ஊட்டியை விட்டு நான்கு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. தொட்டபெட்டா சந்திப்பு இருப்பது ஊட்டி–கோத்தகிரி சாலையில். உச்சியிலிருந்து இறங்கி அந்தச் சந்திப்பிலேயே கோத்தகிரி பஸ் ஏறினால், ஊட்டிக்குத் திரும்பாமலே கோத்தகிரி, அரவேனு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாம். பையை ஊட்டியில் வைத்துவிட்டு வந்தால் மட்டும் இது நடக்காது.

இதிலேயே ஒரு மாற்று. பல் தண்டவாளம் குன்னூரோடு முடிகிறது. தொட்டபெட்டாதான் வேண்டுமென்ற பிடிவாதம் இல்லாவிட்டால் 10:30-க்குக் குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து லேம்ப்ஸ் ராக், அதே சாலையில் இன்னும் உள்ளே டால்பின்ஸ் நோஸ்; குன்னூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேத்தரின் அருவி 250 அடி விழுவது தெரியும். மேகம் திரளுமுன் பதினொன்றரைக்கே அங்கே நின்றுவிடலாம். டீசல் பகுதியை விட்டதில் பெரிய இழப்பில்லை. எஞ்சினும் வேண்டும், இயற்கைக் காட்சியும் வேண்டும் என்று கேட்டால், ஏறும் ரயிலில் டிக்கெட் கிடைத்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## 3. ஏறும்போது பஸ், இறங்கும்போது ரயில்

தொட்டபெட்டாதான் இலக்கு என்றால் இதை அடிக்க வேறு வழியில்லை. கோவை மேட்டுப்பாளையம் சாலை பஸ் நிலையத்தில் ஐந்து மணிக்கு ஏறினால் எட்டரைக்குள் ஊட்டி. சொந்தக் காரில் வருபவர்கள் மேட்டுப்பாளையத்தில் நிறுத்திவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாலும் அதே நேரம்தான். திரும்பும் ரயிலும் அங்கேயே வந்து விடுகிறது. காரை மேலே கொண்டு போகாததால் இ-பாஸும் வேண்டாம். 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு அது கட்டாயம். பஸ், ரயில் பயணிகளுக்குக் கிடையாது.

ஊட்டியில் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு அங்கேயே டாக்சியோ ஆட்டோவோ பேசலாம். பேசும்போது இரண்டைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: காத்திருக்கும் நேரம் சேர்த்தா, நுழைவுக் கட்டணமும் பார்க்கிங்கும் யார் பொறுப்பு? "ஏழு பாயிண்ட் காட்டுகிறேன்" என்பார்கள். ஒப்புக்கொண்டால் 2 மணி ரயில் போய்விடும். உச்சி மட்டும் என்று சொல்லிவிடுங்கள். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கோத்தகிரி பஸ்ஸில் தொட்டபெட்டா சந்திப்பில் இறங்கி, சோலை மரங்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் நடந்து ஏறலாம். அந்த உயரத்தில் சமவெளிக்காரர்களுக்கு மூச்சு வாங்கும். ஏற ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். யானை நடமாட்டமோ வேறு காரணமோ இருந்தால் வனத்துறை சில நாட்கள் உச்சியை மூடிவிடுவது உண்டு. டாக்சி ஏறுமுன் டிரைவரிடமே கேட்டால் தெரிந்துவிடும்.

பதினோரு மணிக்குக் கீழே வந்துவிட்டால் சாப்பாட்டுக்கும் தாவரவியல் பூங்காவில் கொஞ்சம் உட்காருவதற்கும் நேரம் மிஞ்சும். 1:40-க்கு ஸ்டேஷனில் இருந்தால் போதும். ரயில் 5:35-க்கு மேட்டுப்பாளையம். ஏறுவதைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு. டிக்கெட்டும் ஏறும் ரயிலைவிடப் பொதுவாக எளிதாகக் கிடைக்கும், ஏனென்றால் எல்லோரும் முதலில் ஏறுவதைத்தான் தேடுகிறார்கள்.

எதை இழக்கிறீர்கள்? எஞ்சினின் உழைப்பை. குன்னூரில் நீராவி எஞ்சின் மாட்டியதும் அது வண்டியின் கீழ்முனையில் நின்று எடையைத் தாங்கிப் பிடித்தபடி இறங்கும். சிலிண்டர்கள் இழுப்பதற்குப் பதில் காற்றை அமுக்கி வேகத்தை அடக்கும். அந்தக் கனத்த சத்தம் இருக்காது. பிரேக் உரசும் முனகலும் கருகிய வாடையும்தான். முன்பெட்டிக்கு எதிரே எஞ்சின் நிற்பதால் திறந்த பார்வையும் போய்விடும். அதனால் இறங்கும்போது முதல் வகுப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் ஏற்றத்தில் கிடைக்கும் பலன் இல்லை.

மழைக்காலத்தில் இன்னொன்று. வடகிழக்குப் பருவமழை மதியத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும் வழக்கமுடையது. நீங்கள் பல் தண்டவாளப் பகுதியில் வருவது சரியாக அந்த மூன்றரை, நான்கு மணிக்கு. ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்து வர நேரிடும். நவம்பரில் போவதானால் இந்த வழியைவிட ஏறும் ரயில் மேல். காலை வெளிச்சமாவது கிடைக்கும்.

பஸ்ஸில் ஏறுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிற்றோடும் ஆகாது, மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டும் ஆகாது. இரண்டு இட்லி போதும். வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரைமணி முன்னால் போட்டுக்கொண்டு, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள ஜன்னலோர இருக்கையைப் பிடியுங்கள்.

## 4. குன்னூர்–ஊட்டி மட்டும்

கைக்குழந்தை, வயதானவர்கள், அல்லது அக்டோபர்–டிசம்பர் பயணம் என்றால் இது. மண்சரிவில் கீழ்ப்பாதை மூடினாலும் மேல்பாதை பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். நாளுக்குப் பல நடைகள் இருப்பதால் டிக்கெட்டும் சிரமமில்லை. காலை எட்டு மணிக்கு முன்பே குன்னூரிலிருந்து ஒன்று கிளம்புகிறது. அதைப் பிடித்தால் ஒன்பதுக்கு ஊட்டி, பத்துக்குத் தொட்டபெட்டா. வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். கேத்தியில் பள்ளத்தாக்கு விரிந்து தெரியும். பல் தண்டவாளமும் நீராவியும் இதில் இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். புகைவிடும் எஞ்சினை எதிர்பார்த்து வந்த பிள்ளையின் முகம் வாடினால் நாளே கெட்டுவிடும். குன்னூர் பணிமனை ஸ்டேஷனை ஒட்டித்தான் இருக்கிறது. நேரம் பொருந்தினால் கீழிருந்து வந்து நிற்கும் நீராவி எஞ்சினைப் பிளாட்பாரத்திலிருந்தே காட்டிவிடலாம்.

## டிக்கெட் எடுக்கும்போது

நாளை முடிவு செய்துவிட்டு டிக்கெட் தேடாதீர்கள். டிக்கெட் இருக்கும் நாளைத் தேடி மற்றதை அதற்கேற்ப வையுங்கள். ஐஆர்சிடிசியில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். ஊரை "உதகமண்டலம்" என்ற பெயரில், யுஏஎம் (UAM) என்ற குறியீட்டில் தேட வேண்டும். குன்னூருக்கு ஓஎன்ஆர் (ONR), மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி (MTP). முழுத் தூரத்துக்கு இரண்டாம் வகுப்பு சுமார் 300 ரூபாய், முதல் வகுப்பு சுமார் 600. பஸ் கட்டணம் இதில் சிறு பங்குதான். செவ்வாய், புதன், வியாழனில் வாய்ப்பு அதிகம். கோடை வார இறுதிகளில் சிறப்பு ரயில்களும் விடுவார்கள், கட்டணம் கூடுதலாக இருக்கும்.

காத்திருப்புப் பட்டியலில் உள்ள இ-டிக்கெட்டை நம்பி மேட்டுப்பாளையம் வரை வராதீர்கள். சார்ட் தயாரானபின் உறுதியாகாவிட்டால் அது தானே ரத்தாகிவிடும், அதைக் காட்டி ஏற முடியாது. முன்பதிவில்லா இடங்கள் கொஞ்சம் உண்டு. அதற்கு விடிகாலை ஐந்து மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும், நின்றாலும் உறுதியில்லை.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோக வேண்டாம், நீலகிரியில் தடை. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. ஸ்டீல் பாட்டில், ஒரு ஸ்வெட்டர், மழைக்காலமானால் குடை. இவ்வளவும் ஒரு தோள்பையில் அடங்கட்டும், மடியில் வைத்துத்தான் வர வேண்டியிருக்கும்.

ரயிலை ரயில்வேயே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். மூன்றாவது வழியில் போகிறவர்களுக்கு அந்தச் செய்தி வரும்போது பாதி நாள் மலைமேல் கழிந்திருக்கும், உச்சியும் பார்த்தாகியிருக்கும். ஊட்டி ஸ்டேஷனிலேயே குன்னூர் வரையாவது ரயில் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் அதில் குன்னூர் இறங்கி, அங்கிருந்து மேட்டுப்பாளையம் பஸ். அதுவும் இல்லையென்றால் பக்கத்து வாசலில் கோவை பஸ் நிற்கும்.